லத்தேரி நடைமேடையின் காற்றையும் கணக்கிடுங்கள்

தெற்கு ரயில்வே அதிகாரிகளுக்கும், வேலூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2022 நவம்பரில் தொடங்கிய சென்னை–மைசூரு வந்தே பாரத் காட்பாடியில் நிற்கிறது. லத்தேரி, வளத்தூர், மேல்பட்டி போன்ற ஊர்களை நிற்காமல் கடந்துவிடுகிறது. வேகத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சிறு நிலையங்களில் பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருப்பவர்கள்மேல் எவ்வளவு காற்று மோதுகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டு, பயணிகள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டின் இடத்தை அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

"ரயில் ஆளை இழுக்கும்" என்று பெரியவர்கள் பிள்ளைகளை எச்சரிப்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. வண்டியின் முகப்பு நெருங்கும்போது காற்றழுத்தம் கூடுகிறது, கடந்த மறுகணமே சட்டென்று குறைகிறது. தள்ளலும் இழுப்பும் ஒரு வினாடிக்குள் நடந்து முடிகின்றன. பிறகு பெட்டிகளை ஒட்டி வரும் காற்றுப்படலம் பின்னே போகப்போகத் தடிக்கிறது. கூர்முகப்பு வண்டிகளில் மிகப் பலமான வீச்சு பெரும்பாலும் கடைசிப் பெட்டி போன பிறகே வருகிறது. வால்பகுதியில் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சுழல்கள் உருவாகிப் பக்கவாட்டில் விரிவதே காரணம். வண்டிதான் போய்விட்டதே என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு மக்கள் விளிம்புக்கு நகரும் நேரம் அது! சரக்கு வண்டியின் கணக்கு வேறு. தட்டையான முகப்பும் வேகன்களுக்கு இடையிலான இடைவெளிகளும் குறைந்த வேகத்திலேயே காற்றைக் கலக்கிவிடும்.

வந்தே பாரத் மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடக்கூடியது. 130இலிருந்து 160க்கு உயர்த்தினால் வீசும் காற்றின் வேகம் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், ஆள்மேல் விழும் தள்ளல் ஒன்றரை மடங்காகிவிடும்.

கல்லூரித் தோழர்களே, காற்றும் நீரும் ஓடும் விதத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலைக் கற்பிப்பவன் என்ற உரிமையில் உங்களிடம் பேசுகிறேன். இறுதியாண்டுத் திட்டம் என்றாலே விமான இறக்கையின் குறுக்குவெட்டைக் கொடுப்பதை விட்டு, இதைக் கொடுங்கள். காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம் மென்பொருள் இலவசம். வழக்கமான முறையில் வண்டியை நிறுத்திவைத்து, காற்றையும் தரையையும் எதிர்த்திசையில் ஓடவிடுவோம். கூரைத் தூண்களும் கடைகளும் நடைமேம்பாலப் படிகளும் உள்ள நடைமேடைக்கு அது போதாது, காற்றைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைப்பின்னலோடு வண்டியே நகர வேண்டும். சராசரி ஓட்டத்தை மட்டும் தரும் மாதிரிகளையும் நம்பாதீர்கள். ஆளைச் சாய்ப்பது திடீர் வீச்சு. அதைப் பிடிக்கக் காலத்தோடு மாறும் பெருஞ்சுழல்களையே கணக்கிட வேண்டும். கோடிக்கணக்கான கட்டங்கள் தேவைப்படலாம், ஆய்வகக் கணினிகள் நாள்கணக்கில் ஓடலாம். ஓடட்டும்.

ரயில்வே அதிகாரிகளே, கணினி விடையை அளவீட்டோடு ஒப்பிடாமல் யாரும் ஏற்கக் கூடாது. ஐரோப்பாவின் 2008ஆம் ஆண்டு அதிவேக ரயில் விதிமுறை, நடைமேடையில் 1.2 மீட்டர் உயரத்தில், பாதையின் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் காற்றின் வேகத்தை அளக்கச் சொன்னது. லத்தேரியில் அதே இடத்தில் காற்றுவேகமானி பொருத்த மாணவர்களுக்கு அனுமதி கொடுங்கள். நடைமேடையின் வரைபடத்தையும் பெட்டிகளின் வெளிப்புற அளவுகளையும் கொடுங்கள். பாதையின் வேக வரம்பை அடுத்த முறை உயர்த்தும் முன்பே இந்த முடிவுகள் உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். மஞ்சள் கோட்டை விளிம்பிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி வரைய வேண்டும் என்று அவை சொன்னால், தாமதிக்காமல் வரையுங்கள்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து ஓர் ஆசிரியர்