அந்த 5 அப்படியே இருக்கட்டும்

வாஷிங்டனிலுள்ள அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தாருக்கு,

வணக்கம். பேட்ரிக் மர்ஃபி என்ற சிப்பாயின் ராணுவ நீதிமன்றக் கோப்பு உங்கள் பொறுப்பில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை விட்டு ஓடியதற்காக மரண தண்டனை பெற்றவர் அவர். அவரை மன்னித்து ஆபிரகாம் லிங்கன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட நாள் 1864 ஏப்ரல் 14. இன்று அந்தத் தாளைப் பார்த்தால் ஆண்டு 1865 என்று இருக்கும்.

1865 ஏப்ரல் 14 இரவுதான் ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். சாகப்போகும் மனிதர் கடைசியாகச் செய்த காரியங்களில் ஒன்று, ஓர் உயிரைக் காப்பாற்றியது! 1998இல் ஓர் ஆய்வாளர் இதைத் தம் கண்டுபிடிப்பு என்று அறிவித்தபோது எல்லோரும் மெச்சினார்கள். நீங்களும் தாளைக் காட்சிக்கு வைத்தீர்கள்.

பிறகு உங்கள் காப்பாளர் ஒருவருக்கே சந்தேகம் வந்தது. 5 மட்டும் பக்கத்து எழுத்துகளைவிடக் கறுத்திருந்தது. அடியில் வேறோர் எண்ணின் தடம். ராய் பாஸ்லர் தொகுத்த லிங்கன் எழுத்துகளை எடுத்துப் பார்த்தால், அதில் 1864. மையூற்றுப் பேனாவை உள்ளே கொண்டுவந்து எண்ணைத் திருத்தியதாக அந்த ஆய்வாளர் எழுதிக்கொடுத்தார் என்று 2011 ஜனவரியில் அறிவித்தீர்கள். நெருக்கடி கொடுத்து எழுதவைத்தார்கள் என்று அவர் பின்னால் மறுத்தார். வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது.

அவரை விடுங்கள். பாஸ்லரின் தொகுதிகள் 1950களிலேயே அச்சாகிவிட்டன. 1998இல் யாராவது ஒருவர் அதைப் புரட்டியிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளிவந்திருக்கும். நல்ல கதை வீடு தேடி வந்தால் வாசலில் நிறுத்தி விசாரிக்க யாருக்கும் மனம் வருவதில்லை, உங்களுக்கும்தான்.

இத்தனைக்கும் பழைய தேதிதான் லிங்கனுக்குப் பெருமை. 1865 ஏப்ரல் 14 அன்று போர் ஏறக்குறைய முடிந்த கதை; தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஓடிப்போன ஒருவரை அப்போது மன்னிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. 1864இல் நிலைமை வேறு. கிராண்ட் வடக்குப் படைகளின் தலைமைத் தளபதியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த மூன்று வாரத்தில் வர்ஜீனியாவின் வைல்டர்னஸ் காட்டில் பெரும் சண்டை தொடங்கவிருந்தது. ஓடுகிறவர்களைச் சுட்டால்தான் படை நிற்கும் என்று தளபதிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அப்போது போட்ட கையெழுத்து இது.

அந்த 5-ஐ நீக்கிப் பழைய தேதியை மீட்க முடியுமா என்று ஆராயப்போவதாக அதே அறிவிப்பில் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். நூற்றைம்பது வயதைத் தாண்டிய தாள் அது. சுரண்டினால் அடியில் இருக்கும் லிங்கனின் 4-உம் போய்விடலாம். திருத்தியதும் இப்போது அந்தத் தாளின் வரலாறுதானே?

மறுபடி அதைக் காட்சிக்கு வையுங்கள். 5-ஐப் பெரிதாக்கிய படம் ஒன்று, பாஸ்லரின் அந்தப் பக்கம், இரண்டும் அருகில் இருக்கட்டும். 1998க்குப் பிறகு பல ஆண்டுகள் யாரும் சரிபார்க்கவில்லை என்பதையும் விளக்கக் குறிப்பில் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் குறிப்பு ஃபோர்டு அரங்கில் தொடங்க வேண்டாம். பேட்ரிக் மர்ஃபியின் பெயரில் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்