எங்கள் தோட்டத்து எழுத்தர், கிராணி ஐயாவுக்கு ஒரு கடிதம்

அன்பிற்குரிய கிராணி ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை சுங்கை சிப்புட் கோயில் வாசலில், "பையன் இன்னும் பறக்கவில்லையா?" என்று அப்பாவிடம் கேட்டீர்களாம். அக்கறையில் கேட்டிருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. விமானிப் பயிற்சிக்கான என் விண்ணப்பப் படிவங்களைத் திருத்திக் கொடுத்தவரே நீங்கள்தானே. ஆனால் அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரிக்கு உரிமம் எடுத்த மறுவாரமே அப்பா வண்டியில் ஏறிவிட்டார். விமானத்தில் அப்படி இல்லை, ஐயா. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நான் பெற்ற வணிக விமானி உரிமம் ஏறக்குறைய 200 மணி நேரம் பறந்து பெற்றது. அதிலும் பெரும்பகுதி நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானத்தில். ஏர்பஸ் 320இல் துணை விமானியாக அமர வேண்டுமானால் அந்த வகைக்கென்றே தனிப் பயிற்சி பெற்றாக வேண்டும். நிறுவனம் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தால் உண்டு, இல்லையேல் நம் கைப்பணம். நான் விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கிய சில வாரங்களிலேயே, 2020 மார்ச் 18ஆம் நாள் கோவிட் தொற்றால் மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து விமானங்கள் தரையில் நின்றன. அப்போது வேலையிழந்தவர்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களும் இருந்தார்கள். சேவைகள் மீண்டபோது முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போயிற்று. நான் முதலாளியாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஊரில் யாருக்கும் தெரியாத செலவு அதற்குப் பிறகுதான் வந்தது. மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே பார்த்து விமானம் ஓட்டும் தகுதியை ஆண்டுதோறும் தேர்வெழுதியல்ல, ஓட்டிக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். இவை காலாவதியாகிவிட்டால் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும் என்பதால், ஆலையில் குலை லாரிகளுக்கு எடை போட்டுச் சேர்க்கும் பணத்தை அதற்கே கட்டி வருகிறேன். மருத்துவச் சோதனை நெருங்கும் மாதத்தில் அம்மாவின் பாயசத்தை நான் தொடாததைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள்.

சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தைப் பற்றி அப்பா இன்றுவரை என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நீங்கள் கேட்ட அன்று இரவு மட்டும் அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அடுத்த மாதம் சிப்பாங்கில் ஒரு விமான நிறுவனத்தில் எனக்கொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. முடிவு எதுவானாலும் நானே உங்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறேன். அதுவரை அப்பாவிடம் மட்டும் கேட்காதீர்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் பழைய லாரிக்காரரின் மகன்