முதலுதவி பையில பிளேடு வேணாங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் பைக்ல தூரமா போறவங்களுக்கு சின்ன முதலுதவி பை லிஸ்ட் ஒண்ணு போட்டிருந்தீங்க, பஞ்சு, காஜ், கிரேப் பேண்டேஜ் எல்லாம் சரிதான், ஆனா கடைசில "பிளேடு அல்லது கத்தி"ன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க, அத திருத்தி போடணும்னு கேட்டு தான் எழுதறேன். கம்பெனிகள்ல முதலுதவி சொல்லித்தர்றது என் வேலை, நிறைய பேரோட பைய தொறந்து பாத்திருக்கேன், பேப்பர்ல சுத்தின சேவிங் பிளேடு இல்லாத பை ரொம்ப கம்மி.

எதுக்குன்னு கேட்டா பாம்பு கடிக்குங்கறாங்க. கடிச்ச எடத்த கீறினா விஷம் வெளிய வந்துடும்ங்கற நெனப்பு இன்னும் போகல. அப்படி வராதுங்க. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடிச்சா ரத்தம் உறையறதே கெட்டுப்போகும், அதுல போயி கீறிவிட்டா ரத்தம் நிக்காம போகும், கிருமியும் ஏறும். கடிபட்ட கைய கால அசைக்காம வச்சு, 108க்கு போன் பண்ணி, விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் கூட்டிட்டு போறது தான் வழி, இதுல வெட்டற வேலையே கெடையாது.

ரோட்டுல நிஜமா வெட்ட வேண்டி வர்றது துணியும் வாரும் தான். சக்கரத்துல துப்பட்டா சுத்தி கழுத்த இறுக்கும், பாக்கறவங்க பதட்டத்துல இழுப்பாங்க, இழுக்கவே கூடாது, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கழுத்துக்கும் துணிக்கும் நடுவுல கத்திரிக்கோல விட்டு வெட்டணும். அந்த எடத்துல பிளேடோ கூர்முனை கத்தியோ இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க, அதுவும் வெட்டறவர் கை நடுங்கிட்டு இருக்கும்.

அதனால வாங்க வேண்டியது ட்ராமா ஷியர்ஸ்ங்கற முதலுதவி கத்திரிக்கோல், சர்ஜிக்கல் கடைல கேட்டா எடுத்து குடுப்பாங்க, விலையும் பெருசா இல்ல. கைப்பிடி வளைஞ்சிருக்கும், கீழ் அலகோட முனை தட்டையா மழுங்கி இருக்கறதால தோல்மேல வழுக்கிட்டு போகும், குத்தாது. ஒரு அலகுல பொடிப்பல்லு இருக்கான்னு பாருங்க, ஹெல்மெட் ஸ்ட்ராப், சீட் பெல்ட் மாதிரி நைலான் வார நழுவாம புடிக்கறது அந்த பல்லு தான், ஆபீஸ் கத்திரிக்கோல்ல வார் மடங்கிக்கிட்டு வழுக்கும். ஏழரை இன்ச், அஞ்சரை இன்ச்னு ரெண்டு சைஸ் கெடைக்குது, சின்ன பையில அஞ்சரை நல்லா அடங்கும், ஆனா கிளவுஸ் போட்ட விரல் வளையத்துக்குள்ள போகுதான்னு பாத்து வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் பழைய ஜீன்ஸோட அடி மடிப்புல வெட்டி பாருங்க, அங்க திணறினா மாத்திடுங்க. சின்ன ஸ்விஸ் கத்தில வர்ற குட்டி கத்திரிக்கோல் பிளாஸ்திரி வெட்ட போதும், அதோட இடுக்கி முள்ளு எடுக்க ரொம்ப நல்லது, ஜீன்ஸ் துணிக்கு அது ஆகாது.

ரெண்டு விஷயம் அவசியம் சொல்லணும். தீக்காயத்துல ஒட்டின துணிய பிக்காதீங்க, சுத்தி வெட்டிட்டு ஒட்டினத அப்படியே விடுங்க. கார் தலைகீழா கெடந்தா உள்ள இருக்கறவர தாங்கி புடிக்க ஆள் நின்னப்புறம் தான் பெல்ட்ட வெட்டணும், இல்லன்னா தலைகுப்புற விழுவாரு.

கத்திரிக்கோல்ல பிளாஸ்திரி பசை ஒட்டினா ஸ்பிரிட் தொட்டு தொடச்சு காயவச்சு வைங்க, ஈரத்தோட வச்சா துரு புடிக்கும். பையோட அடில போட்டுடாம ஒரு கையால உருவற மாதிரி வெளி பாக்கெட்ல சொருகுங்க. விமானத்துல போனா கைப்பைல வேணாம், செக்-இன் பெட்டில போட்டுடுங்க.

இப்படிக்கு,
வாசகர், சேலம்