பெட்டிகளை இழுக்க ஒரு வண்டி

அருமனை
ஐப்பசி, மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ‘தேனீப் பெட்டிகளை டிரெய்லரில் இழுக்க எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்கிறாயே, முதலில் எத்தனை கிலோவை இழுக்கப் போகிறாய், அதைச் சொல்’ என்று எழுதியிருந்தாய். கையில் கணக்கு இல்லாமல் பதில் எழுத ஒரு மாதிரி இருந்தது. இப்போது கணக்கு இருக்கிறது. மச்சினன் வண்டியின் பின்கதவில் ஒரு நெளிவும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். மழைக்கு மூட்டு வலிதான். நீங்கள் வந்தால் மரச்சீனியும் சாளைக் கறியும் வைக்க வேண்டும் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். நம் கணக்கு சாரை மார்த்தாண்டம் சந்தையில் பார்த்தேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு ஏத்தன் குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். உன்னைக் கேட்டார். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்றேன். ‘வீட்டையும் இழுத்துக்கிட்டா போறான்?’ என்று அப்படியொரு சிரிப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் தேன் எப்படி என்று உனக்கு மறந்திருக்காது. மார்கழியில் இலை உதிரும், தையில் தளிர் விடும், மாசி பங்குனியில் அந்தத் தளிரின் காம்பு நுனியில், மூன்று இலையும் சேரும் இடத்தில் தேன் சுரக்கும். ஈக்குப் பூவே வேண்டாம். அந்த இரண்டு மாதத்துக்குள் அறுபது பெட்டியையும் எங்கே தளிர் விட்டிருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைத்தாக வேண்டும். களியல், கடையால், பத்துகாணி என்று அலைவேன். வாடகை வேனில் ஏற்றி இறக்கினால் ஒரு பெட்டியை ஒரு போக்குவரத்தில் நாலு தடவை தூக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ராத்திரியில், ஈயெல்லாம் உள்ளே அடைந்த பிறகு. போன வருஷம் ஒரு பெட்டியில் இரண்டு தேனடை அறுந்து விழுந்தது. மறுநாள் மத்தியானம் அந்தக் கூட்டம் மொத்தமும் பறந்து போய்விட்டது. நம் நாட்டு ஈக்கு ரோஷம் அதிகம்.

நீ அனுப்பிய படம்தான் இத்தனைக்கும் காரணம். ஜாரா மரக் காட்டோரம் ஒரு டிரெய்லர், அதன்மேல் வரிசையாகப் பெட்டிகள், இழுத்து வந்த வண்டி போய்விட்டது, டிரெய்லர் மட்டும் நிற்கிறது. பெட்டியைத் தூக்கவே வேண்டாம், டிரெய்லரை விட்டுவிட்டு வந்தால் போதும். அதைப் பார்த்துத்தான் தக்கலையில் ஒரு பட்டறையில் சொல்லி, இரும்புச் சட்டம் அடித்து, லீஃப் பட்டை போட்டு ஒரு டிரெய்லர் செய்யச் சொன்னேன். ‘பெட்டியை ஒரு பிக்கப்பில் ஏற்றி, பிக்கப்பையே தோட்டத்தில் விட்டுவிட்டு வாருங்களேன்’ என்றாள் வீட்டுக்காரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் பிக்கப் தோட்டத்தில் நின்றால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எதில்? வண்டி வீட்டுக்கும் வேண்டும், தோட்டத்துக்கும் வேண்டும். அதனால்தான் எஸ்யூவி.

உன் ஊரில் இல்லாத ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே டிரெய்லரை ஒரு ராத்திரி விட்டால் போதும், டயர் வழியாகவும் முன்கால் வழியாகவும் எறும்பு ஏறிவிடும். வீட்டில் பெட்டிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, டயருக்கு எந்தக் கிண்ணத்தை வைப்பது? கடைசியில் டிரெய்லரை நான்கு ஜாக்கிக் காலில் தூக்கி நிறுத்தி, டயர் தரையைத் தொடாமல், காலுக்கு மட்டும் கிண்ணம் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது.

இனி எடை. ஈயோடு சோதனை பார்க்க மனசு வரவில்லை. அறுபது காலிப் பெட்டியில் எம்-சாண்ட் அள்ளிப் போட்டு, பெட்டிக்கு 11 கிலோ வரும்படி வைத்தேன். (ஆற்று மணல் என்று எழுத ஆசைதான், விலை தெரியுமே.) எடை மேடையில் ஏற்றியபோது டிரெய்லரும் மற்ற சாமான்களும் 310, பெட்டிகள் 660, ஆக 970 கிலோ. உங்கள் ஊரில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது ‘வெள்ளைக்காரன் பயந்தாங்கொள்ளி’ என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

மச்சினனின் பொலேரோவில் கொக்கி இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டு களியல் ரோட்டில் போனோம். ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை. 75 குதிரைதான், ஆனால் டீசல் இஞ்சின், 1,600 சுற்றிலேயே 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்துவிடுகிறது. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறிவிட்டது. இறக்கத்தில்தான் ஆட்டம். ஐம்பதைத் தொட்டதும் பின்னால் டிரெய்லர் இப்படியும் அப்படியும் வீச ஆரம்பித்தது. கண்ணாடியில் ஒரு நேரம் இடது டயர் தெரிகிறது, மறு நேரம் வலது டயர் தெரிகிறது. மச்சினன் பயந்து பிரேக்கை மிதித்தான். வீச்சு இன்னும் கூடியது. ‘காலை எடுலே, ஸ்டியரிங்கை நேராகப் பிடி’ என்று கத்தினேன். நீ முன்பு எழுதியது எப்படியோ அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. முப்பதுக்கு இறங்கிய பிறகு அடங்கியது. எதிரே பஸ் வராதது நம் பாக்கியம்.

திரும்பி வந்து ரப்பர் ஷீட் கடைத் தராசைக் கடன் வாங்கி, கொக்கி உயரத்துக்குக் கட்டை அடுக்கி, டிரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முனையை, அதன்மேல் வைத்துப் பார்த்தேன். 28 கிலோ! மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இறங்க வேண்டும் என்று நீ சொன்ன கணக்குப்படி 97 வர வேண்டும். தேன் பிழியும் எந்திரம், தண்ணீர்க் கேன், ஸ்டாண்டு எல்லாவற்றையும் இறக்க வசதியாக இருக்கட்டும் என்று வால் பக்கம் போட்டது நான்தான். எந்திரத்தை முன்னால் கொண்டுவந்து, பெட்டி வரிசைகளையும் அச்சுக்கு முன்பக்கம் நகர்த்தி வைத்தேன். 95 காட்டியது. மறுபடி அதே இறக்கம், அதே ஐம்பது. கோயிலுக்குப் போகும் மருமகள்போல அடக்கமாகப் பின்னால் வந்தது.

ஆனால் வீச்சு நின்றதே தவிர தள்ளல் நிற்கவில்லை. ஒரு டன் எடை பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது, அதையும் சேர்த்து வண்டியின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சக்கரத்தின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனால் பிரேக் கருகிய வாடை. சின்ன வயதில் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்குப் போவோமே, வடத்தைப் பிடிக்க ஊரே முண்டியடிக்கும், ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைத்தான் என் அப்பா சுட்டிக் காட்டுவார். வண்டி பார்க்கப் போன இடத்திலெல்லாம் விற்பனைப் பையன்கள் எனக்கு வடத்தைப் பற்றியே சொன்னார்கள். இத்தனை குதிரை, இத்தனை நியூட்டன் மீட்டர். கட்டை எது என்று கேட்டால் முழிக்கிறார்கள். நான் வாங்கிப் பார்த்த விளம்பரத் தாள் ஒன்றில்கூட எத்தனை கிலோ இழுக்கலாம் என்று அச்சடித்திருக்கவில்லை. உங்கள் ஊரில் ஃபார்ச்சூனருக்கு 3,100 கிலோ என்று கம்பெனியே சொல்லுகிறது. இங்கே அதே பெயர் வண்டி, அந்த வரி மட்டும் கிடையாது.

அதனால் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். சேசிஸ், அதாவது அடிச்சட்டம், தனியாக உள்ள வண்டியாக இருக்க வேண்டும். கொக்கியை அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும், பம்பரில் வெல்டு வைக்கிற கதை நமக்கு வேண்டாம். பின்சக்கர ஓட்டம் வேண்டும். மூக்கு எடை பின்னால் அமுக்கும்போது முன்பக்கம் லேசாகிவிடுகிறது, முன்சக்கர ஓட்டமென்றால் நனைந்த செம்மண் ஏற்றத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும். அப்புறம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நல்ல நீளம் வேண்டும். மஹிந்திரா தார் எனக்குப் பிடித்த வண்டி, மகனுக்கோ அதுதான் உயிர். ஆனால் மூன்று கதவுத் தார் 2,450 மில்லிமீட்டர், பின்னால் நீளமான ஒன்றை மாட்டினால் வால் நாயை ஆட்டும். பொலேரோ 2,680, ஸ்கார்ப்பியோ என் 2,750. இசுசு வி-கிராஸ் 3,095, இழுக்க அதுதான் ராஜா, ஆனால் நம் இடவழியில் அதைத் திருப்ப வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மதிலை இடிக்க வேண்டும். ஃபோர் வீலோடு லோ கியர் இருந்தால் இன்னும் நல்லது. ஏற்றத்தில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது கிளட்சைப் பாதி அமுக்கிக்கொண்டே நின்றால் அது ஒரு சீசனுக்குத் தாங்காது.

பின்னோக்கித் தள்ளுவது என்றதும் நெளிவு ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும் என்று படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, மச்சினனும் தோட்டக்காரரும் ஆளுக்கொரு பக்கம் ‘வா வா, வராதே வராதே’ என்று கத்தும்போது செய்வது வேறு. அதிகமாக ஒடித்துவிட்டேன். டிரெய்லரின் முன்மூலை வண்டியின் கதவில் போய் முட்டியது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கை வைத்துக்கொண்டால் டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தலாம் என்று நீ எழுதியிருந்த வித்தையை மறுநாள்தான் செய்து பார்த்தேன். வேலை செய்கிறது. ஒரு நாள் முன்னதாகச் செய்திருந்தால் டிங்கரிங் செலவு மிச்சம்.

தாள் விஷயமும் விசாரித்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனம் என்றே கணக்கு. அதற்கும் பதிவு வேண்டும், டி.என். 75 என்று தனி நம்பர் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். வண்டியில் பின்னால் சேர்க்கும் கொக்கியையும் முன்கூட்டியே கேட்டுச் செய்வதுதான் நல்லது, 52ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றிக் கறாராகப் பேசுகிறது. பட்டறைக்காரர் ‘யாரு சார் பார்க்கப் போறா’ என்றார். ஈ நிறைந்த அறுபது பெட்டி ரோட்டில் கவிழ்ந்தால் எல்லாரும்தான் பார்ப்பார்கள்.

உன் பிராடோ வண்டி பற்றி ஒரு வார்த்தை. 3,000 கிலோ இழுக்கும், என் கேரவன் 2,400தான், அதனால் கவலையில்லை என்று எழுதியிருக்கிறாய். 2,400க்கு மூக்கில் 240 கிலோ இறங்கும். அது பிராடோ சுமக்கும் எடையிலும் சேரும். நீ, மைனி, இரண்டு பிள்ளைகள், ஃப்ரிட்ஜ், மேலே கட்டிய கூடாரம் எல்லாம் போட்டபின் என்ன மிச்சம் என்று கூட்டிப் பார்த்தாயா? எனக்குப் பாடம் எடுத்தவன் நீ, உனக்கே இது நினைவில் இருக்குமென்றாலும், எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிவிடு.

நாகர்கோவிலில் ஒரு பழைய ஸ்கார்ப்பியோ சொல்லியிருக்கிறார்கள். 2.2 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ், விலையும் எட்டுகிறது. ஒரே சந்தேகம், விற்கிறவர் வீடு குளச்சலில், கடலைப் பார்த்த வீடு. உப்புக்காற்று பத்து வருஷம் தின்ற சேசிஸில் கொக்கியை மாட்டி ஒரு டன்னைத் தொங்கவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டார்ச்சும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கப் போகிறேன். பின்பக்கச் சட்டத்தில் தட்டும்போது கணீரென்றால் வாங்குவேன், பொத்தென்றால் மரியாதையாகக் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

எதை வாங்கினாலும் டிரெய்லருக்குப் பிரேக் வைக்காமல் மாசியில் ஒரு பெட்டி ஏறாது. நீ சொன்னாயே, வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிற தள்ளலே தண்டை உள்ளே அழுத்தி அதன் பிரேக்கைப் பிடிக்கும் என்று, அந்த ஓவர்ரைடு கப்ளிங் 50 மில்லிமீட்டர் கொக்கிப் பந்துக்கு ஒன்று வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடிக்காமல் பூட்டி வைக்கிற நாக்கு உள்ளதாகப் பார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வா. எடை கூடிவிட்டால் மைனியின் சாக்லேட்டைக் குறைத்துக்கொள், நான் சொன்னேன் என்று சொல்லாதே. கூடவே சிவப்புக் கண்ணாடித் தாள் கொஞ்சம், டார்ச்சில் ஒட்ட. ஈக்குச் சிவப்பு தெரியாது, ராத்திரி வேலைக்கு அது இருந்தால் முகம் தப்பும்.

உன் பழைய கடைசி பெஞ்சுக் கூட்டாளி

பி.கு.: நெளிவுக்கு மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிலோ தேன் மட்டும் கேட்டிருக்கிறான்.