ஹன்டரை முதலில் காவலுக்கு நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து வீரர் டிராவிஸ் ஹன்டரைப் பற்றிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் இதழில் படித்தேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றதால்தான் பையனின் முழங்கால் போயிற்று, இனிமேலாவது பந்து பிடிக்கிற வேலையை மட்டும் பார்க்கட்டும் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். பழமொழி சரிதான். எந்தக் காலை எடுப்பது என்பதில்தான் அவர் பிசகிவிட்டார். சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் எனக்கு நானே மதிப்பெண் போட மாட்டேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு குழுவில் 53 பேர். களத்தில் ஒரு நேரத்தில் பதினொருவர். பந்து நம் கையில் இருக்கும்போது தாக்குதல் அணி இறங்கும். பந்து எதிரியிடம் போனதும் அந்தப் பதினொருவரும் வெளியேறி, தடுப்பு அணி உள்ளே வரும். பந்தை எட்டிப் பிடிக்க ஓடுகிறவர் ரிசீவர். அவரைப் பிடிக்க விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடுகிறவர் கார்னர்பேக். ஹன்டர் இரண்டு வேலையையும் செய்கிறார். 2024-இல் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது 96 பந்துகளைப் பிடித்து 1,258 யார்டு சேர்த்து 15 டச் டவுன் (எதிரியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். அதே ஆண்டில் தடுப்பில் நின்று எதிரியின் நான்கு பந்துகளைப் பறித்தார். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசான ஹைஸ்மன் விருது அவருக்குக் கிடைத்தது. சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னாரிக் விருதும் ஒரே ஆளுக்குப் போனது அதுவே முதல் முறை.

என் பேரனுக்குப் பதினைந்து வயது. 2025 தீபாவளிக்கு முந்திய நாள், அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, அவன்தான் என்னைத் தொலைக்காட்சிக்கு முன்னால் பிடித்து உட்காரவைத்தான். லண்டன் வெம்பிளி அரங்கில் ஆட்டம் என்பதால் தென்னாப்பிரிக்காவில் நமக்கு மாலை மூன்றரை மணிக்கே தொடங்கியது. அடுப்பங்கரையில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. தம் தொழில்முறைக் குழுவான ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்காக ஹன்டர் அன்று எட்டுப் பந்துகளைப் பிடித்து 101 யார்டு சேர்த்தார். தொழில்முறை ஆட்டத்தில் தம் முதல் டச் டவுனையும் எடுத்தார். குழுவோ 35-7 என்று மண்ணைக் கவ்வியது. பதினோராம் நாள் பயிற்சியில் அவருடைய முழங்கால் கெட்டது. அறுவைச் சிகிச்சை, அந்தப் பருவம் அதோடு சரி. ஏழே ஆட்டங்கள், 28 பிடிகள், 298 யார்டு.

"காலிஸ் இரண்டும் செய்தாரே, தாத்தா?" என்று பேரன் கேட்டான். நம் நாட்டுப் பிள்ளை வேறு யாரைச் சொல்வான்? ழாக் காலிஸ் 166 டெஸ்டுகளில் 13,289 ஓட்டமும் 292 விக்கெட்டும் எடுத்தவர். ஆனால் கிரிக்கெட்டில் மட்டையைக் கீழே வைத்த பிறகுதான் பந்தைக் கையில் எடுக்கிறோம். நடுவில் தேநீர் உண்டு, இரவு உண்டு, சில நாள் மழையும் உண்டு. தம் அணி ஆடும்போது காலிஸ் அவுட்டாகிவிட்டால் காலை நீட்டிப் பெவிலியனில் உட்காரலாம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பாதி ஓடும்போது மறுபாதி பெஞ்சில் மூச்சு வாங்குகிறது. இரண்டு பாதியிலும் இருப்பவனுக்கு அந்தப் பெஞ்சே இல்லை. பந்து ஒவ்வொரு முறை ஆட்டத்துக்கு வருவதை ஸ்னாப் என்பார்கள். 2024-இல் ஹன்டர் 13 ஆட்டங்களில் 1,400-க்கு மேற்பட்ட ஸ்னாப்களில் களத்தில் இருந்தார். கல்லூரியில் பாதிப் பேர் வேகம் குறைந்தவர்கள். அவர்களுக்கு எதிரே நிற்கும்போது கொஞ்சம் ஆசுவாசம் கிடைக்கும். தொழில்முறையில் அது கிடையாது. ஆட்டமும் பதினேழு.

களைப்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கால அட்டவணை போட்டுத் தலை நரைத்தவன் என்பதால் எனக்கு உடனே கண்ணில் பட்டது. இந்தக் குழுக்களில் ரிசீவர்களுக்கு ஒரு வகுப்பறை, தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரு வகுப்பறை. அடுத்த எதிரியின் ஆட்டப் படங்களைப் போட்டுப் பார்த்து, இவன் இப்படி நின்றால் இதைச் செய்வான் என்று பாடம் நடக்கும். இரண்டு பாடமும் ஒரே மணியில். எங்கள் பள்ளியில் இசையும் வேண்டும் இயற்பியலும் வேண்டும் என்று கேட்ட ஒரு பிள்ளைக்காக நான் மூன்று இரவு அட்டவணையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டிருக்கிறேன். கடைசியில் வாரத்துக்கு ஒரு இயற்பியல் வகுப்பு அந்தப் பிள்ளைக்குத் தவறிக்கொண்டேதான் இருந்தது. ஆகவே ஹன்டருக்கு ஏதோ ஒரு வகுப்பு தவறத்தான் போகிறது. எந்த வகுப்பு தவறினால் சேதம் குறைவு என்றுதான் பார்க்க வேண்டும்.

ரிசீவருக்குத் தான் எங்கே ஓடப்போகிறோம் என்பது தெரியும். பத்து யார்டு ஓடி உள்ளே திரும்பு என்று சொல்லியனுப்புகிறார்கள், அவன் திரும்புகிறான். கார்னர்பேக்குக்கு அது தெரியாது. எதிரியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓடி, அவன் திரும்புகிற கணத்தில் தானும் திரும்ப வேண்டும். திருடனுக்குச் சந்து தெரியும்; துரத்துகிறவனுக்குத் தெரியாது. ரிசீவர் ஒரு முறை தவறினால் பந்து புல்லில் விழும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். கார்னர்பேக் ஒரு முறை தவறினால் எதிரி கோட்டைத் தாண்டிப் போய்விடுவான். அதனால் தடுப்பு வகுப்பைத் தவறவிடுகிறவனை எதிரிக் குழு முதல் கால்மணி நேரத்திலேயே கண்டுபிடித்து, பந்தையெல்லாம் அவன் பக்கமே எறியும்.

இன்னொன்று. ரிசீவரை எப்போது இறக்குவது என்று நம் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். இன்று உனக்குப் பதினைந்து ஸ்னாப், இந்த ஆறு ஆட்ட முறைகளை மட்டும் படித்து வா என்று சொல்லலாம். அவன் இறங்கினாலே பந்து அவனுக்குத்தான் என்று எதிரி யூகிப்பானே என்கிறீர்களா? யூகிக்கட்டும். இரண்டு பேர் அவனைச் சுற்றிக்கொண்டால் மற்றொருவன் தனியாக நிற்பான். தடுப்பில் இந்த வசதி இல்லை. அங்கே பந்தை எங்கே எறிவது என்று தீர்மானிப்பவன் எதிரி. அரைநேரக் காவல்காரன் எந்த அரைநேரம் தூங்குகிறான் என்று பார்த்துத்தானே களவுக்கு வருவார்கள்? ஆகவே முழுநேர வேலை கார்னர்பேக், கொசுறு ரிசீவர். 2025 பருவத்தில் ஜாகுவார்ஸ் செய்தது இதற்கு நேர் எதிர்: பெரும்பகுதி தாக்குதல், இடையிடையே தடுப்பு.

முன்னால் இந்த வழியில் போனவர்களையும் பாருங்கள். 1950-இல் ஆட்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள விதி வந்ததிலிருந்தே இருபுறமும் ஆடுகிறவர்கள் அருகிப்போனார்கள். 1960 இறுதிப் போட்டியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் கிரீன் பே பேக்கர்ஸை 17-13 என்று வென்றபோது சக் பெட்னாரிக் இரண்டு பக்கமும் ஆடினார். ஹன்டர் வாங்கிய தடுப்பு விருது அவர் பெயரில் உள்ளதுதான். 1997-இல் ஹைஸ்மன் வாங்கிய சார்லஸ் வுட்சனும் மிச்சிகனில் இரு பக்கமும் ஆடியவர். தொழிலுக்கு வந்ததும் தடுப்பில் நிலைத்து, பதினெட்டுப் பருவங்கள் ஆடி, 65 பந்துகளைப் பறித்தார். ஹன்டரின் கல்லூரிப் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் 1996-இல் டல்லஸ் குழுவுக்காக ரிசீவராகவும் நின்று 36 பந்துகளைப் பிடித்தார். அந்த அளவுக்கு அவர் ரிசீவராக ஆடியது அந்த ஒரு பருவம்தான். மற்றபடி காலமெல்லாம் கார்னர்பேக். மாணவனுக்கு அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்பது வேறு கதை.

பணத்தை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பேரன் அதைத்தான் முதலில் எடுத்துப் போட்டான். ரிசீவர் ஜமார் சேஸ் 2025-இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டில் கார்னர்பேக் சாஸ் கார்ட்னர் வாங்கியது ஆண்டுக்குச் சுமார் 3 கோடி. இடைவெளி ஒரு கோடி டாலர். ஆசிரியர் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவன் அதைப் பொருட்டில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் ஹன்டரின் முதல் நான்கு ஆண்டுச் சம்பளம், சுமார் 4.66 கோடி டாலர், எந்த இடத்தில் நின்றாலும் அதேதான். பெரிய பேரம் அதற்குப் பிறகு. அப்போது பேரம் பேச முழங்கால் இருக்க வேண்டும். ஜாகுவார்ஸின் கணக்கு வேறு. கல்லூரி வீரர்களைக் குழுக்கள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறி இவரை எடுப்பதற்காகக் கிளீவ்லாந்து குழுவுக்கு அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆளுக்கு விலை கொடுத்தோம், இரண்டு ஆள் வேலை வாங்குவோம் என்று தோன்றும் அல்லவா? கோடிகளில் சம்பளம் வாங்குகிறவரைக் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலியோடு ஒப்பிடும் அளவுக்கு என் புத்தி மழுங்கிவிடவில்லை. ஆனாலும் கரும்பு வெட்டியவரின் கொள்ளுப்பேரன் என்பதால், கொடுத்த விலைக்கு வேலை என்ற பேச்சைக் கேட்டால் காது சற்று விடைக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1975-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய சங்கத்துக்காக ஞாயிறுதோறும் கால்பந்து ஆடினேன், நம் ஊர்க் கால்பந்து. எங்கள் கோல்கீப்பருக்கு ஆலையில் இரவு வேலை. தூங்கி எழுந்து வர முதல் பாதி முடிந்துவிடும். அதுவரை நான் கோல்கீப்பர். அவர் வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு முன்னால் போய் கோல் அடிக்க வேண்டும். அடித்திருக்கிறேன். பயிற்சியாளர் என் முதுகில் தட்டி, இவன் எங்கே வைத்தாலும் ஆடுவான் என்று எல்லோரிடமும் சொல்வார். அதைப் புகழ்ச்சி என்று நம்பினேன். கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆட்டக்காரர் தேர்வு நடந்தது. கோல்கீப்பர் வரிசையில் நின்றபோது நீ முன்னாட்டக்காரன் அல்லவா என்றார்கள். முன்னாட்டக்காரர் வரிசைக்குப் போனால், அங்கே என்னைவிட நன்றாக ஓடுகிற ஏழு பேர். வாரம் முழுவதும் அதையே பயின்றவர்கள். இரண்டு பட்டியலிலும் என் பெயர் இல்லை. வெள்ளைக்காரர் அல்லாத எங்களுக்கு அன்று அதற்கு மேல் போக எந்தப் படியும் இல்லை என்பது உண்மை. அதற்காக இருந்த ஒரு படியிலும் ஏறாமல் போனது வலிக்காமல் இல்லை.

அதனால்தான் டர்பன் பிள்ளை, கிரிக்கெட் வீரர் சேனுரன் முத்துசாமியைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி. அவரும் இரண்டு வேலைக்காரர். மட்டையாளராகத் தொடங்கினார். 2019-இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட், முதல் விக்கெட்டே விராட் கோலி. ஆனால் அந்தத் தொடருக்குப் பிறகு அடுத்த டெஸ்டுக்கு 2023 வரை காத்திருந்தார். பிறகு இடக்கைச் சுழலை முதல் வேலையாக்கிக்கொண்டார். 2025 அக்டோபரில் லாகூரில் ஒரே டெஸ்டில் 11 விக்கெட். அந்தப் பந்துவீச்சுதான் அவருக்கு அணியில் இடம் வாங்கிக் கொடுத்தது. பிறகு நவம்பரில் குவாஹாட்டியில் கீழே இறங்கி 109 அடித்தாரே, அதை யார் வேண்டாம் என்றார்கள்?

ஹன்டர் ரிசீவராக ஆடவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. 2026-இல் கால் குணமாகி வரட்டும். காலையில் தடுப்பு வகுப்பில் உட்காரட்டும். எதிரியின் முதல்தர ரிசீவருக்கு எதிரே எல்லா ஸ்னாப்பிலும் நிற்கட்டும். கோட்டுக்கு அருகே போகும்போதும், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களிலும், ஆறேழு முறை பந்து பிடிக்கவும் இறக்குங்கள். முதல் இரண்டு மாதம் அதுகூட வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

பி.கு.: தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கார்னர்பேக் என்பதை மூலைப் பின்னாளர் என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். அவர் மூலையிலும் நிற்பதில்லை, பின்னாலும் நிற்பதில்லை. எல்லைக்காவலர் என்று போட்டால் அய்யனார் நினைவாவது வரும். பேரனிடம் இதைச் சொன்னேன். "கார்னர்பேக்கே இருக்கட்டும், தாத்தா" என்றான்.