கயலின் அட்டவணைக்கு ஒரு பதில்

காரைக்குடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விடைத்தாள் திருத்தும் வேலை என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் வேதியியல் பாடத்தின் அலைநீள அட்டவணையைப் பற்றிக் கயல் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் எழுதிப் படித்துப் பார்த்தேன், வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று பேசுவது போலவே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. அரைக்க வழியில்லாமல் சமையல் ரசத்தோடு முடிந்தது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன் உடம்பு. நாள் முழுக்கத் தோட்டத்தில் கிடக்கிற உனக்கு வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காதை மூடி ஒரு கட்டு. வெயில் உன் தோலைத் தொட இடம் எங்கே விட்டாய்? வாரம் ஒன்று என்று கொடுத்திருக்கும் 60,000 யூனிட் பொடியை மறக்காமல் பாலில் கலந்து குடி. அந்தப் பொடிக்கும் கயல் திட்டித் தீர்க்கிற அட்டவணைக்கும் ஒரு உறவு உண்டு. அங்கே வருகிறேன்.

கயல் எழுதியிருந்ததை அப்படியே மேசையில் வைத்திருக்கிறேன். "214, 253, 215, 202, அப்புறம் 5, 10, 12, 18, 30... சித்தி, இதையெல்லாம் போன் நம்பர் மாதிரி மனப்பாடம் பண்ணி ஒரு மூலக்கூறு எந்த அலைநீளத்தில் புற ஊதாவை உறிஞ்சும் என்று கூட்டிச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? கம்ப்யூட்டர் சொல்லாதா?" நியாயமான கோபம். நாமும் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்துகொண்டே வாய்ப்பாடு போல ஒப்பித்தவர்கள்தானே.

அவளிடம் நம்முடைய மெசிட்டைல் ஆக்சைடு கதையைச் சொல்லியிருக்கிறாயா? அசிட்டோனில் தொடங்கி இரண்டு நாள் வடித்து, அந்த நெடி துப்பட்டாவை விட்டுப் போக இரண்டு சலவை ஆனதே, அது. கணக்கு நீதான் போட்டாய். ஈனோன், அதாவது கார்பன்-ஆக்சிஜன் கீட்டோனை ஒட்டி ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பு, என்பதால் 215 நானோமீட்டரில் தொடக்கம். கீட்டோனிலிருந்து எண்ணினால் இரண்டாவதான பீட்டா கார்பனில் இரண்டு மெத்தில் கிளைகள், ஆளுக்கு 12. மொத்தம் 239. கருவியில் வைத்தோம். 350 வரை ஒழுங்காக வந்த பேனாமுனை அதற்குக் கீழே போனதும் சுவர் ஏறுகிற மாதிரி விறுவிறுவென்று மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. மூன்று முறை கரைசலை நீர்க்கச் செய்து பார்த்தோம். அதே சுவர். நீ கிட்டத்தட்ட அழுதுவிட்டாய். கடைசியில் ஆய்வக உதவியாளர் க்யூவெட்டை, கரைசல் ஊற்றுகிற அந்தச் சின்னக் குப்பியை, வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் பொறித்திருந்த ஒற்றை எழுத்தை நகத்தால் தட்டிக் காட்டினார். "இது கண்ணாடிம்மா. குவார்ட்ஸ் பீரோவுக்குள்ள இருக்கு." கண்ணாடியே புற ஊதாவை விழுங்கிக்கொண்டிருந்தது, நாம் மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். மறுநாள் சாவி கிடைத்து, குவார்ட்ஸில் ஊற்றி வைத்தபோது உச்சி 237-இல் வந்தது. காகிதத்தில் கூட்டிய எண்ணுக்கும் கருவி சொன்ன எண்ணுக்கும் 2 நானோமீட்டர்தான் வித்தியாசம். இந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த 239 எங்கிருந்து வந்தது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. 1941-இல் அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் பர்ன்ஸ் உட்வர்டுக்கு வயது 24. கீட்டோனை ஒட்டி இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மங்கள் எவ்வளவில் உறிஞ்சுகின்றன என்று பலரும் அளந்து வெளியிட்ட எண்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை அவர் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பிரித்து அடுக்கினார்: அந்த இரட்டைப் பிணைப்பில் எத்தனை கார்பன் கிளைகள் தொங்குகின்றன? ஒன்று என்றால் 225-ஐ ஒட்டி, இரண்டு என்றால் 239, மூன்று என்றால் 254. எல்லாமே 5 நானோமீட்டர் முன்னே பின்னே. நம் மெசிட்டைல் ஆக்சைடு அந்த நடு அறையில் அச்சாக உட்காருகிறது பார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. இவரை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று ஒரு முறை வெளியே அனுப்பியது. திரும்பி வந்து 20 வயதில் டாக்டர் பட்டம் வாங்கினார். இந்த முதல் பாதியை மட்டும் கயலிடம் சொல்லாதே.

பிறகு ஹார்வர்டில் லூயி ஃபீஸரும் அவர் மனைவி மேரி ஃபீஸரும் ஸ்டீராய்டுகளை, அதாவது கொலஸ்டிரால் குடும்பத்து மூலக்கூறுகளை, கொண்டு அட்டவணையைப் பெருக்கினார்கள். பாடப்புத்தகத்தில் உட்வர்டு-ஃபீஸர் என்று ஒரே ஒரு ஃபீஸர்தான் இருப்பார். மேரி பல ஆண்டுகள் சம்பளமும் பதவியும் இல்லாமலே அதே ஆய்வகத்தில் வேலை செய்தவர். எனக்கு அந்த இடைக்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் லேசாக எரிச்சல் வரும்.

சரி, உன் பொடிக்கு வருகிறேன். உன் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் இருக்கிறது, காளானில் எர்கோஸ்டிரால். இரண்டிலும் ஒரே வளையத்துக்குள் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு இரட்டைப் பிணைப்புகள். கயலை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொல், நான் அப்படித்தான் போடுவேன். ஒரே வளையம் என்பதால் 253 எழுது. அந்த நான்கு கார்பனில் ஒட்டியிருக்கும் வளைய மிச்சங்களை, அதாவது வளையங்களின் மற்ற கார்பன்களை, எண்ணு: நான்கு. ஐந்து ஐந்தாக 20. இனி எல்லோரும் கோட்டைவிடுகிற இடம், எக்ஸோசைக்ளிக். ஒரு இரட்டைப் பிணைப்பு தன் வளையத்துக்குள் இருந்துகொண்டே, ஒரு காலை மட்டும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஊன்றி நின்றால், அந்தப் பக்கத்து வளையத்துக்கு அது எக்ஸோசைக்ளிக். இங்கே இரண்டு பிணைப்புமே அப்படி நிற்கின்றன. ஒன்று இடப்பக்கத்து வளையத்தில் கால் வைக்கிறது, மற்றது வலப்பக்கத்தில். இன்னொரு 10. மொத்தம் 283. அளந்தால் 282.

இப்போது உன் முழுக்கைச் சட்டை. உச்சி 282-இல் இருக்கிறது, ஆனால் ஓசோன் ஏறக்குறைய 290-க்குக் கீழே எதையும் தரைக்கு விடுவதில்லை. அதனால் மலையின் உச்சிக்கு வெயில் எட்டுவதே இல்லை, 290-லிருந்து 315 வரையிலான சரிவில்தான் படுகிறது. அந்தச் சரிவில் பட்ட வெளிச்சம்தான் வளையத்தை உடைத்து வைட்டமின் டி-க்கு வழி விடுகிறது. காலை ஏழு மணி இளவெயிலில் நில் என்று உன் பக்கத்து வீட்டில் சொல்கிறார்களாமே, அது தோலுக்கு இதம், இந்த வேலைக்கு ஆகாது. சாய்ந்து வரும் வெயில் ஓசோனில் நெடுந்தூரம் நடந்து வரவேண்டும். நமக்கு வேண்டிய பங்கு வழியிலேயே போய்விடும். உச்சிக்கு ஏறின வெயிலில்தான் அது கிடைக்கும். எவ்வளவு நேரம் என்று டாக்டரையே கேட்டுக்கொள்.

ஏன் ஒரே வளையம் என்றால் 253, வேறு வேறு வளையம் என்றால் 214 என்று கயல் கேட்டால் சந்தோஷப்படுவேன். ஒரே வளையத்துக்குள் அடைபட்டவை ஒரே பக்கம் பார்த்து மடங்கி நிற்கும், மற்றவை எதிரெதிராக நீண்டு நிற்கும். மடங்கி நிற்கும்போது எலக்ட்ரான் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குத் தாவ வேண்டிய உயரம் குறைந்துவிடுகிறது. தனி இரட்டைப் பிணைப்பான எத்திலீனுக்கு 170-ஐ ஒட்டி. இரண்டு சேர்ந்த பியூட்டாடையீனுக்கு 217. மூன்று சேர்ந்தால் 258. ஒன்று விட்டு ஒன்று நீள நீளப் படிகள் நெருங்கிவருகின்றன, தாவச் சின்ன ஆற்றல் போதும், அலைநீளம் கூடுகிறது. அட்டவணையில் இருக்கிற எல்லாம் இந்த ஒரே சங்கதியின் சில்லறைதான்.

அவளுடைய கம்ப்யூட்டர் கேள்வியை என் துறையிலும் ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தக் கணக்கீடுகளில் ஆற்றலில் 0.3 எலக்ட்ரான் வோல்ட் தவறுவது சாதாரணம், 240 நானோமீட்டர் பக்கத்தில் அது 14 நானோமீட்டர் ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகைக் கணக்கு 5-க்குள் நிற்கிறது. அதில் மந்திரம் எதுவும் இல்லை. விசேஷ வீட்டில் மூக்கைப் பார்த்தே "நீ இன்னார் பேத்திதானே" என்று கேட்கும் பாட்டி இருப்பாளே, அட்டவணை அந்தப் பாட்டி. சொந்தக்காரர்களில் தப்பவே மாட்டாள். ஊருக்குப் புதிதாக வந்தவனைக் காட்டினால் திருதிருவென்று விழிப்பாள். ஸ்டீராய்டும் டர்ப்பீனும் அவள் சொந்தம். புதிதாகச் செய்கிற சாயமூலக்கூறு ஒன்றை அவளிடம் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது, அதற்குக் கம்ப்யூட்டர்தான்.

ஆனால் நான் முக்கியமாக நினைப்பது வேறு. கணக்கும் கருவியும் ஒத்துப்போகிற நாளில் அட்டவணை நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. போன மாதம் என் மாணவி ஒருத்தி கொலஸ்டிராலை ஆக்சிஜனேற்றம் செய்து கொலஸ்டெனோன் எடுத்தாள். 215, பீட்டாவில் இரண்டு 12, எக்ஸோசைக்ளிக் 5, ஆக 244 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அளந்தால் 241 வரவேண்டும், லேசான உச்சி அல்ல, பெரிய உச்சி. அவளுக்கு அங்கே ஒரு மேடுகூட இல்லை. "வினையே நடக்கவில்லை மேடம், திரும்பச் செய்கிறேன்" என்று குடுவையைக் கழுவப் போனாள். நிறுத்தி, அகச்சிவப்பு நிறமாலையைப் பார்க்கச் சொன்னேன். கீட்டோன் இருக்கிறது, அலை எண் 1715 பக்கத்தில், கான்ஜுகேஷன், அதாவது ஒன்று விட்டு ஒன்றான தொடர்ச்சி, இல்லாத கீட்டோன். அப்படியென்றால் வினை நடந்திருக்கிறது, இரட்டைப் பிணைப்பு மட்டும் பழைய இடத்திலேயே, ஒரு வீடு தள்ளி உட்கார்ந்திருக்கிறது. எத்தனாலில் கொஞ்சம் ஆக்ஸாலிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினோம். பிணைப்பு நகர்ந்தது. சாயங்காலம் 241-இல் மலை எழுந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. 244 என்ற எண்ணை முன்கூட்டியே எழுதி வைக்காமல் இருந்திருந்தால், எது வரவில்லை என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. குடுவையும் கழுவப்பட்டிருக்கும்.

கயலுக்கு என் பதில் இவ்வளவுதான். எண்களை மனப்பாடம் செய்யச் சொல்கிற பரீட்சையை நான் தாங்கிப் பேசமாட்டேன், அட்டவணையை வினாத்தாளிலேயே கொடுத்துவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும்? ஆனால் அளப்பதற்கு முன்னால் ஒரு எண்ணை எழுதிவைக்கும் பழக்கத்தை மட்டும் விடச் சொல்லாதே.

அப்புறம் உன் பப்பாளி. சிவப்புச் சதைக்கு ஒட்டன்சத்திரத்தில் கூடுதல் விலை, நாட்டு மரத்து மஞ்சளை யாரும் சீண்டுவதில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு இரட்டைப் பிணைப்புக்கு மேல் போனால் பழைய அட்டவணை கைவிட்டுவிடும், ஃபீஸர்-குன் என்று வேறொரு சூத்திரம். 114 போடு, கிளைக்கு 5 கூட்டு, இரட்டைப் பிணைப்பின் எண்ணிக்கையை 1.7-ஆல் பெருக்கி 48-லிருந்து கழித்து, வருவதை மறுபடி அந்த எண்ணிக்கையால் பெருக்கிச் சேர். முனை வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு மாட்டியிருந்தால் வளையத்துக்கு 16.5 கழி. சிவப்பில் இருக்கும் லைக்கோபீனுக்குக் கிளை 8, கான்ஜுகேஷனில் இரட்டைப் பிணைப்பு 11, வளையம் கிடையாது. 476 வருகிறது, அளந்தது 474. மஞ்சளில் கரோட்டீனும் அதன் பங்காளிகளும். பீட்டா கரோட்டீனுக்கும் அதே 11, கிளை 10, ஆனால் இரண்டு முனையும் வளையமாக மூடிக்கொண்டு, மெத்தில்கள் இடித்து, அந்தக் கடைசிப் பிணைப்புகள் தளத்தைவிட்டு முறுக்கி நிற்கின்றன. முறுக்கிய இடத்தில் எலக்ட்ரான் சரளமாக ஓடாது. அதனால் 33 குறைந்து 453, அளந்தது 452. உன் சிவப்பு மரத்தில் முனையை மூடுகிற நொதியின் மரபணு பழுதாகிக் கிடக்கிறது, அதனால் லைக்கோபீன் மூடாமலே தங்கிவிடுகிறது. பழுதுக்குத்தான் கூடுதல் விலை!

இந்தச் சூத்திரத்தில் கயலுக்கு ஒரு வேடிக்கை காட்டு. 14 இரட்டைப் பிணைப்புக்குப் பிறகு விடை குறைய ஆரம்பிக்கும், போட்டுப் பார்க்கச் சொல். நிஜ மூலக்கூறு அப்படிக் குறையாது, மெல்ல மெல்ல ஏறி ஓய்ந்துபோகும். எங்கே நம்பவேண்டும் என்று சூத்திரமே சொல்லாது.

என் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் மாடிப்படியில் மட்டும் பேசுகிறது. இன்னும் இரண்டு வருடம் வேலை, அதற்குப் பிறகு உன் தோட்டத்தில் ஒரு கட்டில் போட்டுக்கொடுப்பதாகச் சொன்னது நினைவிருக்கட்டும். கயலை மெசிட்டைல் ஆக்சைடை எத்தனாலுக்குப் பதில் ஹெக்சேனில் கரைத்தால் எங்கே வரும் என்று கணக்குப் போட்டு எனக்கு எழுதச் சொல். 11 கழிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதே. அளந்தது எனக்குத் தெரியும், அவள் எழுதிய பிறகு சொல்கிறேன்.

பப்பாளி அனுப்பினால் செங்காயாகவே பறித்து வைக்கோல் சுற்றி அனுப்பு. போன முறை பஸ்ஸில் வந்தது பாதி கூழ். மஞ்சள் நாலு, சிவப்பு நாலு. இரண்டையும் ஹெக்சேனில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும், மீதியை நான் தின்பேன்.

உன்,
பரிமளா