நீலி அழுதது பொய்யா?

அன்புள்ள வசு,

உன் தம்பியிடம் நீ பாண்டியிலிருந்து கொடுத்தனுப்பிய மூன்று நாவலும் வந்து சேர்ந்தன. இங்கே மஞ்சக்குப்பத்தில் எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது, அதை விடு. எந்த வாடகை நூலகத்துப் புத்தகமடி அது? நாற்பதாம் பக்க ஓரத்தில் எந்தப் புண்ணியவானோ பென்சிலில் ‘மருமகள்தான் கொலைகாரி’ என்று எழுதி வைத்திருக்கிறான். அதை நம்பி ராத்திரி ஒரு மணி வரை அந்தப் பெண்ணையே முறைத்துக்கொண்டு படித்தேன், கடைசியில் பார்த்தால் செய்தது மாமனார்!

இன்னொன்றில் கதாநாயகி தனியாக டார்ச் அடித்துக்கொண்டு பாழடைந்த பங்களாவுக்குள் போகிறாள், பூட்டை உடைக்கிறாள், நூறு பக்கம் நன்றாகத்தான் போகிறது. அப்புறம் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து எல்லாவற்றையும் விளக்க, இவள் மயங்கி விழுகிறாள். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் முதல் நாவலில் வரும்போதே வயதானவள். கையில் பின்னல், காதில் ஊர்வம்பு, அதை வைத்தே கொலைகாரனைப் பிடித்துவிடுவாள்.

பேய்க்கதை இன்னும் மோசம். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், ஒரு பழிவாங்கல், முடிந்தது. எனக்குப் பழையனூர் நீலி ஞாபகம்தான் வந்தது. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைக் காட்டி ‘இவர் என் புருஷன்’ என்று அவள் சபையில் அழுகிறாள், குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது, எழுபது வேளாளர் அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள், விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். போன பிறவியில் அவளைக் கொன்ற புருஷன்தான் அந்த வணிகன் என்பதை மறந்துவிட்டு நாம் இன்னும் ‘நீலிக்கண்ணீர்’ என்கிறோம்! (உங்கள் காரைக்கால் அம்மையார் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பாடிய திருவாலங்காடும் அந்தப் பழையனூர்ப் பக்கம்தான்.)

அதே நீலிதான் ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசிக்கு நாயகி. சமண முனிவரைப் பயமுறுத்தப் போனவள் அவருக்கே மாணவியாகி, பௌத்தத் துறவி குண்டலகேசியை வாதில் வென்று, புத்தரிடமே போய்க் கேள்வி கேட்கிறாள். ஐம்பூதத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று சாதிக்கும் பூதவாதிக்குத் தன் பேயுருவையே காட்டி அவனை நடுங்க வைக்கிறாள். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நம்ம திருப்பாதிரிப்புலியூரிலும் அந்தக் காலத்தில் சமணர் இருந்தார்கள், தேவாரம் பாடிய அப்பரே முதலில் இங்கே அவர்களோடுதான் இருந்தார். தேரடித் தெருவில் காய் வாங்கும்போது, இவள் இந்தப் பக்கம் வாதத்துக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பள்ளியில் ரஃப் நோட்டு நிறையக் கதை எழுதியவள் நீதானே, இதை எழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன், மீன் குழம்பு வை. புத்தகங்களைக் கொண்டுவந்துவிடுவேன். அந்தப் பென்சில் எழுத்துக்குக் கீழே ‘பொய், நம்பாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறேன், நூலகத்தில் கேட்டால் நீயே சமாளித்துக்கொள்.

உன்,
மீனா